கை சொரசொரப்பு தேய்ச்சா ஏன் போகாது

நம்ம மலேசியாவுல, பட்டர்வொர்த்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. "அக்கா, ரெண்டு கையிலயும் தோளுக்குக் கீழ, வெளிப்பக்கம் மட்டும் சின்னச் சின்னதா பொரிப்பொரியா இருக்கு. வலி இல்ல, அரிப்பு இல்ல, தடவுனா சொரசொரன்னு இருக்கு. ஸ்கூல் படிக்கும்போது வந்தது இன்னும் போகல. அடுத்த மாசம் அண்ணன் கல்யாணம், ஸ்லீவ்லெஸ் ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தாச்சு. அம்மா உடம்பு சூடுங்கிறாங்க, பாட்டி கண்ணு பட்டுடுச்சுன்னு உப்பு மிளகா சுத்திப் போட்டாங்க, நான் பீர்க்கங்காய் நாரு வச்சுத் தேய்ச்சு இப்ப கையே எரியுது."

மொதல்ல நாரைத் தூக்கிப் போடுங்கம்மா. இதுக்குப் பேரு கெரட்டோசிஸ் பிலாரிஸ். நோய்னு சொல்றதே கொஞ்சம் ஓவர், டீன் ஏஜ் பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல, பெரியவங்கள்ல 100க்கு 40 பேர் வரைக்கும் இருக்கும்னு தோல் மருத்துவத்துல சொல்றாங்க. ஒட்டாது, குடும்பத்துல ஓடும், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கையைத் தடவிப் பாத்தீங்கன்னா பெரும்பாலும் விஷயம் தெரிஞ்சிடும். வயசு ஏற ஏற நிறைய பேருக்குத் தானா குறையும். முடி வளர்ற குழி வாய்ல கெராட்டின்னு தோல்லயும் முடியிலயும் இருக்கிற ஒரு புரதம் கட்டியாகி அடைச்சிக்குது, அந்த அடைப்புதான் பொரி. சில நேரம் அதைச் சுத்திச் சிவந்திருக்கும், நம்ம மாதிரி மாநிறத் தோல்ல சிவப்பு தெரியாது, கறுப்புப் புள்ளியாத்தான் தெரியும், தேய்க்கத் தேய்க்க அந்தப் புள்ளி இன்னும் கறுக்கும்.

இதுல பாட்டி மேல எனக்குக் கோவமே இல்ல, உப்பு சுத்துறதால தோலுக்கு ஒரு கெடுதலும் கிடையாது. சூடுன்னு சொல்றதுதான் கடுப்பு. அதை நம்பி பிள்ளைங்களுக்கு முட்டை, கோழி, மாம்பழம் எல்லாத்தையும் நிறுத்துறாங்க, பொரி மட்டும் அப்படியே இருக்கும். இன்னொரு கூட்டம் விட்டமின் ஏ குறைச்சல்னு மாத்திரை வாங்கிப் போடும். ஊட்டச்சத்து இல்லாம வர்ற தேரைத்தோல்னு ஒண்ணு நெசமாவே இருக்கு, நிக்கோல்ஸ்னு ஒரு டாக்டர் 1933ல எழுதி வச்சாரு, ஆனா அது முழங்கை முட்டியில கரடுமுரடா வர்றது, வேற கேஸ். முருங்கைக்கீரையும் கேரட்டும் சாப்பிடுற பிள்ளை மேல மேல விட்டமின் ஏ மாத்திரை போட்டா ஈரலுக்குத்தான் கேடு.

சரி, கட்டி ஏன் ஆகுது? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

தோலோட மேல் அடுக்கு முழுக்க செத்த செல்லுங்கன்னு ஸ்கூல் பயோலஜியிலயே படிச்சிருப்போம், அடியில பிறந்து மேல ஏறி தட்டையாகி உதிர ஏறத்தாழ நாலு வாரம். உதிருதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுறாங்க, ஆனா செத்த செல்லு தானா உதிராது. ஒவ்வொரு செல்லையும் பக்கத்து செல்லோட சேர்த்து கார்னியோடெஸ்மோசோம்னு ஒரு புரதத் தையல் இறுக்கிப் பிடிச்சிருக்கு, அந்தத் தையலை யாராவது வெட்டணும். வெட்டுறது காலிக்ரீன்னு ஒரு என்சைம் கூட்டம், அதுல முக்கியமானது 5ஆம் நம்பரும் 7ஆம் நம்பரும். கத்திரிக்கோல்னே வச்சுக்குவோம். கத்திரி கண்ட இடத்துல வெட்டுனா தோலே கழண்டு வந்துடும், அதனால ஒவ்வொரு கத்திரிக்கும் லெக்டி (LEKTI)ங்கிற ஒரு புரதம் உறையா மாட்டியிருக்கு. ஆழத்துல தோலோட பி.எச் (புளிப்பைக் காட்டுற அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 7 பக்கம், அங்க உறை கெட்டியா பிடிச்சிருக்கும். மேல வர வர தோல் புளிக்குது, பி.எச் 5 பக்கம் இறங்குது, புளிப்பு ஏற ஏற உறை பிடியை விடுது, கத்திரி வெளிய வருது, அதனால மேல் பரப்புக்கிட்ட வந்த பிறகுதான் வெட்டு விழுது. கத்திரி எங்க வேலை செய்யணும்னு மூளையில இருந்து ஒரு உத்தரவும் வர்றதில்ல, அந்த இடத்தோட புளிப்பே முடிவு பண்ணிடுது. இந்த லெக்டி ஜீன் கெட்டுப் பிறக்கிற குழந்தைங்களுக்கு நெதர்டன் சிண்ட்ரோம்னு சொல்வாங்க, கத்திரிக்குக் கட்டுப்பாடே இல்லாம தோல் உரிஞ்சுகிட்டே இருக்கும், காரணமான ஜீனை 2000ல கண்டுபிடிச்சாங்க.

புளிப்பு எங்கேருந்து வருது? பல வழியா வருது, வியர்வையில லாக்டிக் ஆசிட் இருக்கு, எண்ணெய்ல இருந்து வர்ற கொழுப்பு அமிலம் இருக்கு, ஆனா எனக்குச் செல்லம் ஃபிலாக்ரின்தான். இந்தப் புரதம் செல்லுக்கு உள்ள கெராட்டின் நாரையெல்லாம் கட்டாக் கட்டி செல்லைத் தட்டையாக்குது, அந்த வேலை முடிஞ்சதும் தானே துண்டு துண்டா உடைஞ்சு, தண்ணியைப் பிடிச்சு வைக்கிற அமினோ அமிலங்களாவும் யூரோகானிக் ஆசிட் மாதிரி சில அமிலங்களாவும் மாறிடுது. அதாவது கத்திரி வேலை செய்யத் தேவையான ஈரம், உறையைக் கழட்டுற புளிப்பு, ரெண்டுலயுமே இதுக்குப் பங்கு இருக்கு. எப்ப உடையணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? 1986ல ஸ்காட், ஹார்டிங்னு ரெண்டு பேர் எலிக்குட்டியில பாத்தாங்க. வயித்துல தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் ஃபிலாக்ரின் உடையறதே இல்ல, பிறந்து காத்து பட்ட பிறகுதான் உடைய ஆரம்பிக்குது, பிறந்த குட்டியை 100 சதவீத ஈரப்பதத்துல வச்சிருந்தா அப்பவும் உடையல! வெளிய எவ்வளவு காய்ஞ்சிருக்குன்னு பாத்துட்டுத்தான் தோல் தனக்கு வேணுங்கிற ஈரத்தைத் தயாரிக்குது. முதல் தடவை இதைப் படிச்சப்ப புத்தகத்தை மூடிட்டு என் கையையே பாத்துகிட்டு உக்காந்திருந்தேன்.

இப்ப பொரிக்கு வருவோம். 2015ல வந்த ஒரு ஆராய்ச்சியில இந்தப் பொரி இருக்கிறவங்கள்ல ஏறத்தாழ மூணுல ஒருத்தருக்கு ஃபிலாக்ரின் ஜீன்ல கோளாறு இருந்துச்சு, அந்தக் கோளாறு இருந்தாலும் இல்லாட்டியும் பொரி இருக்கிற குழியில எண்ணெய்ச் சுரப்பியைக் காணோம். எண்ணெய் இல்ல, ஈரம் குறைவு, தையல் ஒழுங்கா வெட்டுப்படல, செல்லு உதிராம குழியிலயே சேருது. இதுக்கு நேர் எதிரா மும்பை டாக்டருங்க 2012ல வேற ஒண்ணு சொன்னாங்க, முதல் குத்தவாளி முடிதான், அது வெளிய வராம குழிக்குள்ளயே வட்டமா சுருண்டு சுவரைக் கிழிக்குது, அடைப்பு அதுக்கு அப்புறம்தான்னு. முடி வேரை அழிக்கிற 810 நானோமீட்டர் லேசர் வச்சு 2015ல சோதனை பண்ணுனப்ப சொரசொரப்பு குறைஞ்சது, சிவப்பு குறையல, அதனால மும்பைக்காரங்க சொல்றதுலயும் விஷயம் இருக்குன்னுதான் எனக்குப் படுது. லேசருக்கு ஆகுற காசுக்கு நான் அதை முதல்ல சொல்ல மாட்டேன்.

மருந்துன்னு பாத்தா, தோல் தானே வச்சிருக்கிற பொருளுங்களைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். லாக்டிக் ஆசிட் வகையறாவை இந்த மாதிரித் தோலுக்குப் போடலாம்னு வான் ஸ்காட்டும் யூவும் 1974லயே எழுதிட்டாங்க, அது செத்த செல்லுங்களுக்கு நடுவுல இருக்கிற ஒட்டுதலைத் தளர்த்தும். தாய்லாந்துல 2015ல 10 சதவீத லாக்டிக் ஆசிட்டையும் 5 சதவீத சாலிசிலிக் ஆசிட்டையும் 12 வாரம் போட்டுப் பாத்தாங்க, முதல்ல சொன்னதுல பொரி 66 சதவீதம், ரெண்டாவதுல 52 சதவீதம் குறைஞ்சது. உடனே தயிர் தடவலாமான்னு கேப்பீங்க, தயிர்ல இருக்கிறது ஒரு சதவீதம் கிட்டத்தான், குழம்புக்கே வச்சுக்குங்க. யூரியாவும் அப்படித்தான், நம்ம தோல்லயே இருக்கிறது, 10 சதவீதம் வரைக்கும் ஈரத்தைப் பிடிக்கும், 20க்கு மேல போனா கெராட்டினையே இளக்கும். மூத்திரத்துல இருந்தா எடுக்கிறாங்கன்னு முகம் சுளிக்காதீங்க, வோலர் 1828லயே லேப்ல செஞ்சு காட்டிட்டாரு. கெடா குருன்ல ஃபேக்டரியில தயாராகி எஸ்டேட் செம்பனைக்குப் போடுறதும் இதே மூலக்கூறுதான், அதுக்காக உர மூட்டையைப் பிரிச்சு கையில தடவிடாதீங்கலா, அது தோலுக்குன்னு செஞ்ச தரத்துல இருக்காது.

குளிச்சிட்டுத் துண்டால ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள லாக்டிக் ஆசிட்டோ யூரியாவோ இருக்கிற கிரீமைத் தடவுங்க, சுடுதண்ணியும் காரமான சோப்பும் வேணாம், ஷேவ் பண்ணுன அன்னைக்குத் தடவுனா கண்ணுல தண்ணி வரும். லாக்டிக் ஆசிட் போட்ட தோல் வெயில்ல சீக்கிரம் கறுக்கும், சன்ஸ்க்ரீன் கட்டாயம். வெளிய வேர்த்து ஊத்துதே, நமக்கு எதுக்கு மாய்ஸ்சரைசர்னு நினைக்கிறவங்க நாள் முழுக்க ஏர்கோன்ல உக்காந்திருக்கிறதை மறந்துடுறாங்க. அடப்பலீன் மாதிரி ரெட்டினாய்ட் கிரீமும் கேக்கும், ஆனா கர்ப்பமா இருக்கிறவங்களும் அதுக்குத் திட்டம் போடுறவங்களும் தொடவே கூடாது. கல்யாணத்துக்குள்ள முழுசா போகாதும்மா, ஒரு மாசத்துல தடவுனா மெத்துன்னு இருக்கும், பார்வைக்குக் கொஞ்சம் குறையும், ப்ளவுஸைத் தைரியமா போடுங்க. நிறுத்துனா திரும்ப வரும், ஏன்னா ஜீனை யாரும் மாத்தல.

பசார் மாலாம் ராச்சந்தையிலயும் ஃபோன்லயும் விக்கிற "மூணே நாள்ல பளபள" கிரீம் பக்கம் போகாதீங்க. மருந்து, கிரீமையெல்லாம் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பு என்.பி.ஆர்.ஏ அப்பப்ப வெளியிடுற பட்டியலைப் பாருங்க, பாதரசம், ஹைட்ரோகுவினோன், பீட்டாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது எத்தனைன்னு. ஸ்டீராய்டு போட்டா முதல் வாரம் சூப்பரா இருக்கும், நாளாக ஆகத் தோல் மெலிஞ்சு போகும்.

இதுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணம் ஏன் கம்மின்னா யாரும் சாகறதில்ல, அவ்வளவுதான். ஐரோப்பாவுல ஃபிலாக்ரின் கோளாறுன்னா பெரும்பாலும் குறிப்பிட்ட ரெண்டு மூணு மாற்றம், சிங்கப்பூர் சீனர்கள்ல தேடுனா வேற வேற மாற்றங்களா வந்துச்சு, அப்ப ஐரோப்பியப் பட்டியலை வச்சுகிட்டு நம்ம ஆளுங்களை டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம்? மலாய்க்காரர், சீனர், தமிழர், கடசான், இபான் எல்லாரும் ஒரே நாட்டுல இருக்கோம், இதைவிட நல்ல ஆய்வுக்களம் எங்க கிடைக்கும், வெள்ளையாக்குற கிரீம் விளம்பரத்துக்குக் கொட்டுற காசுல கொஞ்சம் இங்க வந்தா போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பொரி திடீர்னு வந்து, நல்லா அரிச்சு, நெஞ்சுலயும் முதுகுலயும் ஒரே அளவுல பரவுனா அது இது இல்ல, நம்ம புழுக்கத்துக்கு மலசீசியான்னு ஒரு ஈஸ்ட் குழிக்குள்ள வளரும், அதுக்கு யூரியாவும் லாக்டிக் ஆசிட்டும் கேக்காது, பூஞ்சைக்கான மருந்துதான் வேணும். பக்கத்துல இருக்கிற அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல 1 வெள்ளி கட்டிக் காட்டுங்க, தேவைப்பட்டா தோல் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு அவங்களே லெட்டர் எழுதிக் கொடுப்பாங்க.