மேல்வீட்டுக் காலடியும் கீழ்வீட்டு உறக்கமும்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. கீழே எழுபது தாண்டிய அம்மா தனியாக இருக்கிறார். மேலே இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு நாற்காலி இழுபடும், விடியுமுன்னே அடுக்களையில் பாத்திரம் விழும். வளைகுடாவில் இருக்கும் மகன் பணம் அனுப்பி, கீழ்ப் படுக்கை அறைக்கு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போடச் சொன்னார். சத்தம் நின்றுவிடும் என்று சொல்லித்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நிற்கவில்லை. நான் போனபோது அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மக்களே, மேல நடக்கது என் தலையில நடக்கது போல இருக்கு."

தரை வேலையில் இருக்கும் எனக்கு இந்தப் புகார் புதிதல்ல. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று வீடுகள் பெருகிவிட்டன. முன்பு ஓட்டு வீட்டில் தலைக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லை. இன்று கான்கிரீட் வார்ப்புக்கு மேலே இன்னொரு வீடு இருக்கிறது. அதன் தரையிலும் வழவழவென்று விட்ரிஃபைட் டைல்ஸ்.

சுசீந்திரம் கோயிலின் இசைத்தூண்களைப் பற்றி நம்மூரில் தெரியாதவர்கள் கிடையாது. மெல்லிய ஒரு தண்டைத் தட்டினால் போதும், கல் முழுவதும் பாடும். கடினமான பொருள் தன்மேல் விழுந்த அடியை எளிதில் தின்று தீர்க்காது, அப்படியே கடத்திவிடும். நம் வீட்டு வார்ப்பும் அதே குணம் கொண்டதுதான். மேலே விழும் அடி தளத்தில் இறங்கி, பீமுக்கும் தூணுக்கும் சுவருக்கும் பரவி, கீழ் அறையின் நான்கு பக்கமிருந்தும் காற்றில் ஒலியாக வெளிவரும். அந்த அம்மாவின் வீட்டில் சீலிங்கை இரும்புக் கம்பிகளால் வார்ப்பிலேயே இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதனால் அடி கம்பி வழியாகப் பலகைக்கு வந்தது. மீதி சுவர் வழியாக வந்தது. சுவரை எந்த சீலிங்கும் மறைக்காதே.

டிவியும் பேச்சும் காற்றில் வரும் ஒலி. ஆறு அங்குல வார்ப்பு தன் எடையாலேயே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். காலடி, நாற்காலி, இடிகல் எல்லாம் மோதல் ஒலி. இதில் கான்கிரீட் தோற்றுப்போகிறது. சர்வதேசத் தர அளவில், மேலே எதுவும் போடாத கான்கிரீட் தளத்துக்கு மோதல் ஒலி மட்டத்தை 78 டெசிபல் என்று வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். சோதனைக் கருவியில் உள்ள, ஒவ்வொன்றும் அரைக் கிலோ எடையுள்ள ஐந்து சுத்தியல்கள் 4 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, நொடிக்குப் பத்து முறை என்ற கணக்கில் தரையைத் தட்டும். கீழ் அறையில் மைக் வைத்து அளப்பார்கள். தரைமேல் ஒரு விரிப்பைப் போட்டபின் அந்த எண் எவ்வளவு குறைகிறது என்பதுதான் அந்த விரிப்பின் தகுதி.

அக்கூஸ்டிக் வினைல் என்பது இந்த வேலைக்கென்றே செய்த விரிப்பு. மேலே தேய்மானத்தைத் தாங்கும் தெளிவான பிவிசி அடுக்கு, அதன் கீழ் அச்சிட்ட படம், நடுவில் கண்ணாடி இழை, அடியில் அழுத்தமான நுரை அடுக்கு. மொத்தமே மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனம்தான். டைல்ஸில் விழும் கரண்டியின் அடி கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக முடிந்துவிடும். அதனால்தான் கூர்மையாகக் கேட்கிறது. நுரைமேல் விழுந்தால் அதே அடி கொஞ்சம் நீண்டு, உச்சம் மழுங்கிவிடும். நல்ல அக்கூஸ்டிக் வினைல் 15 முதல் 19 டெசிபல் வரை குறைத்துத் தரும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். கடைகளில் சுருளாகத் தொங்கும் மெல்லிய பிளாஸ்டிக் கார்ப்பெட்டும் பார்வைக்கு இதுபோலத்தான் இருக்கும். ஆனால் நுரை இல்லாத வினைல் நாலைந்து டெசிபல் குறைத்தாலே பெரிது. அதனால் விற்பவர் "சவுண்ட் புரூஃப்" என்றால் தலையாட்டாதீர்கள். மோதல் ஒலி எத்தனை டெசிபல் குறையும் என்று கேளுங்கள், சோதனைத் தாளில் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். எண் இல்லாத தாளை நான் ஏற்பதில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் தட்டுவது சிறிய, கடினமான சுத்தியல். நம் வீட்டுக்குள் நடப்பதோ வெறுங்கால். குதிகால் ஊன்றி நடக்கும்போது வருவது "டொக்" அல்ல, "தொம்" என்ற கனத்த ஒலி. பிள்ளைகள் குதித்தாலும் அதேதான். நாலு மில்லிமீட்டர் நுரை இந்தக் கனத்த ஒலியைக் கொஞ்சம்தான் குறைக்கும். பாத்திரம், நாற்காலி, செருப்பு, விளையாட்டுச் சாமான் இவற்றின் சத்தத்துக்கு வினைல் அருமையான மருந்து. தொம்முக்கு, மீள்தன்மையுள்ள அடுக்கின்மேல் இரண்டு அங்குலம் சிமென்ட் தளம் போட்டு, அது சுவரை எங்கும் தொடாமல் மிதக்க விடவேண்டும். சுவரோரம் ஓரிடத்தில் சாந்து ஒட்டினாலும் அடி அந்த வழியே இறங்கிவிடும். அப்புறம், அந்தத் தளத்தின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. பழைய வீடென்றால் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் தொடக்கூடாது. வினைலின் எடை மூன்று கிலோவைச் சுற்றித்தான் வரும், அந்தக் கவலை அதில் இல்லை.

தக்கலை வீட்டில் எடுத்த எடுப்பில் வினைல் போடவில்லை. மேலே இருந்தவர்களிடம் பேசி, நாற்காலி, மேசைக் கால்களுக்குக் கம்பளித் துணி ஒட்டச் சொன்னோம். இடிகல்லை மடித்த சாக்கின்மேல் வைத்தார்கள். ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. அப்புறம்தான் கூடத்துக்கும் அடுக்களைக்கும் வினைல் வந்தது, செலவு வீட்டுக்காரருடையது. மேல்வீட்டு அம்மாவும் பிள்ளைகளும் குற்றவாளிகள் அல்ல. அவர்கள் சாதாரணமாகத்தான் வாழ்கிறார்கள், தரைதான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதை இரண்டு வீட்டாரும் புரிந்துகொண்டதால் பாதிச் சண்டை அன்றே தீர்ந்தது. பிள்ளைகள் ஓடினால் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. "அது பிள்ளைய சத்தம், அதுக்கு என்ன செய்ய" என்று கீழ்வீட்டு அம்மாவே சொல்லிவிட்டார்.

மேல் வகுப்பில் பெஞ்சு இழுக்கும் சத்தத்தில் கீழ் வகுப்பு நின்றுபோகும் பள்ளிகளுக்கும் முதல் மருந்து பெஞ்சுக் கால் ரப்பர் புஷ்தான். ஆனால் வினைல் தரைமேல் ரப்பர் வேண்டாம். ரப்பர் விளையும் மாவட்டம் என்பதால் ரப்பர் பாய் எல்லா வீட்டிலும் கிடக்கிறது. வினைல்மேல் நாள்கணக்கில் கிடந்தால் மஞ்சள் கறை ஏறும், அந்தக் கறை போகவே போகாது.

ஆஸ்பத்திரிகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ஆஸ்பத்திரியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. வாசலில் ஹாரன் அடிக்காதீர் என்று பலகை இருக்கும். உள்ளே டைல்ஸ் இடுக்குகளில் டிராலிச் சக்கரம் கடகடவென்று போய்க்கொண்டிருக்கும். நோயாளி அறைக்குள் இரவில் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இலேயே வழிகாட்டியிருக்கிறது. வார்டுக்கும் நடைபாதைக்கும் வினைல் நல்லது. இணைப்புகளைச் சூடாக்கிப் பற்றவைத்து, சுவரோரம் வளைத்து ஏற்றிவிட்டால் அழுக்குத் தங்க இடுக்கே இருக்காது. நுரை அதிகம் மெத்தென்று இருந்தால் கனமான கட்டிலைத் தள்ளும் செவிலியருக்கு இடுப்பு போய்விடும், அதனால் அழுத்தமான நுரையைத்தான் கேட்கவேண்டும். அறுவை அரங்குக்கு இது பொருந்தாது, அங்கே வேறு வகைத் தரை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வினைலுக்கு எதிரி ஈரம். சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில், வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார் என்று புதிதாகப் பூசிய தளத்தின்மேல் ஒட்டினேன். இரண்டு மாதத்தில் அங்கங்கே கொப்பளம், மூலையில் பூஞ்சை வாடை. முழுவதையும் என் செலவில் பிடுங்கிப் போட்டுக் கொடுத்தேன். தவறு என்னுடையது. இப்போது தடித்த பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டு எடுப்பேன். அடியில் நீர்த்துளியோ, தரை கறுத்தோ இருந்தால் வேலை தள்ளிப்போகும். பழைய டைல்ஸ்மேலேயே போடலாம், டைல்ஸ் ஆடாமல் இருக்கவேண்டும். இடுக்குகளைச் சமன்படுத்தும் கலவையால் நிரப்பாவிட்டால் கோடு கோடாக மேலே தெரியும். மேற்கு வெயில் நேராக விழும் சன்னலோரமும் கற்பூரம் ஏற்றும் பூசை அறையும் வினைலுக்கு ஏற்ற இடங்கள் அல்ல.

வினைல் போட்டால் டிவி சத்தமும் போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. மேலும் கீழுமாக ஒரே நேரில் சன்னல் இருந்தால் சீரியல் வசனம் அந்த வழியாகத்தான் இறங்கும். இரவில் எல்லாச் சன்னலையும் மூடிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பேச்சு மறைந்து காலடி மட்டும் கேட்டால், தரையில் காசு போடலாம். பேச்சும் கேட்டால் முதலில் சன்னலையும் கதவடி இடுக்கையும் பாருங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல்மாடிக்குப் பிளான் போடும்போதே படுக்கை அறைகளில் மூன்று அங்குலம் தரை உயரத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். கதவு நிலை, மாடிப்படியின் கடைசிப் படி, குளியலறை மட்டம் மூன்றும் அதற்கேற்ப அமையும். பின்னால் மிதக்கும் தளம் போட நினைத்தால், அந்த மூன்று அங்குலத்துக்காகத்தான் கதவை அறுக்க வேண்டிவருகிறது.