சிக்னல் டிரான்ஸ்டக்‌ஷன்: கடத்தலா, பெயர்ப்பா?

‘சிக்னல் டிரான்ஸ்டக்‌ஷன்’ என்பது வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல் உணர்ந்து உள்ளே செயலாக்கும் நிகழ்வு. அதைச் சமிக்ஞைக் கடத்தல் என்றும் குறிகைக் கடத்தல் என்றும் எழுதுகிறோம். வேரை மட்டும் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால். ‘டூகெரே’ என்றால் இட்டுச்செல்வது. தமிழிலும் ஆற்றைப் பயணி கடக்கிறான், ஓடக்காரன் அவனைக் கடத்துகிறான். அச்சு அசலாக அதே பொருள். ஆனாலும் வேர் பொருந்திய இந்தச் சொல், செல்லுக்குள் நடப்பதோடு பொருந்தவில்லை.

செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது. இந்த முனையில் மின்சாரமாக நுழைந்தது மறுமுனையிலும் மின்சாரமாகவே வெளிவருகிறது. செல்லில் அப்படியில்லை. அட்ரினலின், இன்சுலின் போன்றவை செல்சவ்வில் செய்தியை வாங்கும் புரதமான ஏற்பியில் வந்து ஒட்டுவதோடு சரி. செய்தியைச் சொல்ல அவை உள்ளே போக வேண்டியதில்லை. (ஸ்டீராய்டு ஹார்மோன்கள் சவ்வைத் தாண்டி உள்ளே போகும், அது தனிக்கதை.) ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அந்த மாற்றத்தை உள்ளே ஒரு புரதம் உணர்கிறது, அது இன்னொன்றைத் தூண்டுகிறது. சேதி ஒன்றுதான், அதைத் தாங்கும் உரு ஒவ்வொரு கைக்கும் வேறாகிறது.

இந்தச் சொல் உயிரியலுக்கு வந்ததே பொறியியலிலிருந்துதான். ஒலியை மின்னலையாக மாற்றும் மைக் ஒரு ‘டிரான்ஸ்டியூசர்’. ஏற்பிக்கும் உள்ளே வேலைசெய்யும் நொதிக்கும் நடுவே இப்படியொரு மாற்றி இருக்க வேண்டும் என்று உயிர்வேதியியலாளர் மார்ட்டின் ராட்பெல் அந்தச் சொல்லை எடுத்தாண்டார். அந்த மாற்றிதான் ஜி-புரதம். அதற்காக அவரும் ஆல்ஃபிரட் கில்மனும் 1994இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1952இல் சிண்டரும் லெடர்பெர்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை வைரஸ் வேறொரு பாக்டீரியாவுக்குக் கொண்டுசேர்ப்பதைக் கண்டு, அதற்கும் ‘டிரான்ஸ்டக்‌ஷன்’ என்றே பெயரிட்டார்கள். அங்கே கடத்தல் என்பது கச்சிதம். சரக்கு உருமாறாமல் இடம் மாறுகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் அந்தச் சிக்கலைச் சுமக்க வேண்டியதில்லை.

‘சிக்னல்’ எளிது. லத்தீன் ‘சிக்னம்’ என்றால் குறி. சமிக்ஞை வடமொழி வழி வந்து நன்றாகவே புழங்குகிறது. ஆனால் குறி என்று தொடங்கினால் குறிகை, குறிப்பு என ஒரு குடும்பமே கிடைக்கிறது. வாய்திறந்து சொல்லாததை உணர்வதைக் குறிப்பறிதல் என்கிறோம். திருக்குறளில் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஏற்பி செய்வதும் ஒருவகைக் குறிப்பறிதல்தான்.

உருமாற்றம் எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஆர்என்ஏ-பிணை புரதங்களிடம் பார்க்கலாம். பாடநூல் படங்களில் குறிகைப் பாதை செல்லின் கருவுக்குள் புகுந்து, டிஎன்ஏவைத் தொட்டு, மரபணுவை இயக்கியதும் முடிந்துவிடும். உண்மையில் அது பாதிக்கதை. மனிதரில் சுமார் 1,500 ஆர்என்ஏ-பிணை புரதங்கள் இருக்கின்றன. படியெடுத்த ஆர்என்ஏவை எங்கே வெட்டி ஒட்டுவது, எவ்வளவு நேரம் வாழவிடுவது, எப்போது புரதமாக்குவது என்பதையெல்லாம் அவை பார்த்துக்கொள்கின்றன. குறிகை அவற்றையும் எட்டுகிறது.

எட்டும் வழி பெரும்பாலும் பாஸ்பேட். கைனேஸ் என்ற வகை நொதி அதைப் புரதத்தில் ஒட்டும், பாஸ்படேஸ் என்ற வகை நொதி அதைக் கழற்றும். 1955இல் இந்தப் பூட்டுத்திறப்பைக் கண்ட ஃபிஷருக்கும் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் கிடைத்தது. (இதைப் ‘பாஸ்பரசேற்றம்’ என்று எழுதுவது எனக்கு உறுத்தும். ஏறுவது பாஸ்பரஸ் தனிமம் அல்ல, பாஸ்பேட். ‘பாஸ்பேட்டேற்றம்’ என்றால் என்ன குறைந்துவிடும்?)

டிரிஸ்டெட்ராப்ரோலின், சுருக்கமாக டிடிபி, என்ற ஆர்என்ஏ-பிணை புரதம் நல்ல உதாரணம். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்துக்கான தூது ஆர்என்ஏவில், வாலுக்குச் சற்று முன்னால், ஏ-யூ-யூ-யூ-ஏ என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். டிடிபி அங்கே பற்றிக்கொண்டு, வாலைக் கத்தரிக்கும் நொதிக்கூட்டத்தை வரவழைக்கும். ஆர்என்ஏ சீக்கிரமே அழியும். பெருவிழுங்கி செல் ஒன்று பாக்டீரியாவின் உறைப்பொருளை உணர்ந்ததும் பி38 என்ற கைனேஸ் விழிக்கிறது, அது எம்கே2 என்ற இன்னொரு கைனேஸை எழுப்புகிறது, எம்கே2 டிடிபியில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இரண்டு இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அங்கே 14-3-3 என்ற புரதம் வந்து அமர, டிடிபியால் கத்தரிக்கும் கூட்டத்தை அழைக்க முடிவதில்லை. ஆர்என்ஏ பிழைக்கிறது, டிஎன்எஃப் பெருகுகிறது. பாஸ்பேட் ஏறிய டிடிபி எளிதில் சிதைவதுமில்லை. செயலற்றுக் குவிந்து காத்திருக்கும். பி38 அடங்கி பாஸ்பேட் கழன்றதும் அதே டிடிபி அழற்சியை அணைக்கப் புறப்படும். டிடிபி மரபணுவை நீக்கிய எலிகள் மூட்டழற்சியாலும் உடல் மெலிவாலும் அவதிப்பட்டதை 1996இல் வெளியான ஆய்வு காட்டியது.

சாம்68 என்ற புரதமும் இந்த வகைதான். ஈஆர்கே கைனேஸ் அதில் பாஸ்பேட்டை ஒட்டினால், சிடி44 மரபணுவின் ஆர்என்ஏவில் வி5 என்ற துண்டு விடுபடாமல் சேர்கிறது. அதே மரபணு, வேறு புரதம். சாம்68 சேர்ந்த குடும்பத்தின் பெயர் ‘ஸ்டார்’. விண்மீன் அல்ல, ‘சிக்னல் டிரான்ஸ்டக்‌ஷன்’, ‘ஆக்டிவேஷன்’, ‘ஆர்என்ஏ’ ஆகியவற்றின் எழுத்துகளைக் கோத்த பெயர்.

பாக்டீரிய உறைப்பொருள், பாஸ்பேட், பிழைத்த ஆர்என்ஏ. இந்தத் தொடரைக் ‘கடத்தல்’ என்றால் எதுவோ மாறாமல் பயணித்தது போலிருக்கிறது. ‘குறிகை மாற்றம்’ என்றால் குறிகையே திரிந்துவிட்டது போலிருக்கிறது. நான் ‘குறிபெயர்ப்பு’ என்று எழுதிவருகிறேன். பெயர்தல் என்றால் இடம்விட்டு நகர்தல். மொழிபெயர்ப்பிலோ கருத்து நிற்க உரு மாறுகிறது. இரண்டும் இங்கே வேண்டும். மொழிபெயர்ப்பைப் போலவே இதிலும் ‘ப்’ மிகாது. ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோமில் நடப்பதை மொழிபெயர்த்தல் என்பதால் குழப்பம் வரும் என்பார்கள். முன்னொட்டு வேறாக இருக்கும்போது அது பெரிய தடையாக எனக்குப் படவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்க: ‘பி38 வழிக் குறிபெயர்ப்பு டிடிபியை முடக்குகிறது.’ ‘வைரஸ் பாக்டீரியாவின் மரபணுவைக் கடத்துகிறது.’