பத்துக் கிணறும் ஒரு கணிகருவியும்

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். மழைநீர் செம்மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லில் தேங்குகிறது. நாங்கள் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலகூடக் குழிக் கசிவும் அதே வழியால்தான் இறங்கும். அதனால் இங்கே கிணற்று நீரில் அவற்றிலிருந்து வரும் நைத்திரேற்று எவ்வளவு என்று பார்த்தே ஆகவேண்டும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளை மனதில் வைத்து விதித்தது.

சுன்னாகம் பக்கம் மாணவர்கள் பத்துக் கிணறுகளை அளந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் (லீற்றருக்கு மில்லிகிராம் நைத்திரேற்று) கணக்குக்காக நான் எழுதியவை: 18, 22, 25, 28, 30, 31, 34, 36, 41, 155.

டிஐ-84 போன்ற வரைபுக் கணிகருவியில் ‘ஸ்டாட்’ விசையை அழுத்தி, ‘எடிட்’ போய், எல்1 நிரலில் இவற்றை வரிசையாக இடுங்கள். திரும்ப ‘ஸ்டாட்’, வலப்பக்கம் ‘கால்க்’, அதில் ‘1-வார் ஸ்டாட்ஸ்’. முதல் வரியிலேயே இடை, அதாவது சராசரி, வந்துவிடும்: 42. எல்லைக்குக் கீழேதானே, சரி என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து நிற்காதீர்கள். கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போங்கள்.

எண்கள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் நியம விலகல் இரண்டு விதமாக வரும். சிக்மா 38.2, எஸ்எக்ஸ் 40.3. இந்தப் பத்துக் கிணறு மட்டுமே உங்கள் அக்கறை என்றால் சிக்மா போதும். அது 10 ஆல் வகுக்கிறது. பத்தை வைத்து ஊர் முழுவதையும் மதிப்பிடுவதென்றால் எஸ்எக்ஸ். மாதிரியின் இடை அந்த மாதிரிக்கே நெருக்கமாக அமைந்துவிடுவதால் பரம்பல் குறைவாகத் தெரியும். அதைச் சரிக்கட்டத்தான் 9 ஆல் வகுக்கிறார்கள். எது தேவை என்று கருவி சொல்லாது, நாம்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னும் கீழே போனால் இடையம், அதாவது வரிசையின் நடுப் பெறுமானம், 30.5. இடைக்கும் இதற்கும் இவ்வளவு தூரம் இருந்தால் ஏதோ ஒரு பெறுமானம் இடையை இழுக்கிறது என்று அர்த்தம். முதலாம் காலணை (கீழ்ப்பாதியின் நடு) 25, மூன்றாம் காலணை (மேல்பாதியின் நடு) 36, வித்தியாசம் 11. அதன் ஒன்றரை மடங்கு 16.5, 36 உடன் கூட்டினால் 52.5. அதைத் தாண்டியது புறம்பானது. ‘ஸ்டாட் பிளாட்’டில் புள்ளிகளோடு வரும் பெட்டி வரைபைத் தெரிந்து ‘ஜூம்’ 9 அழுத்தினால், 155 வலது ஓரத்தில் தனிப்புள்ளியாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த எண்ணை அழித்தால் இடை 29.4 ஆகும். ஆனால் அவசரப்பட்டு அழிக்கக் கூடாது. முதலில் அதே கிணற்றில் மீண்டும் நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். எழுதும்போது 15.5 தான் 155 ஆகிவிட்டதா என்று குறிப்புப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். திரும்பவும் 155 தான் வந்தால், அந்த வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தோட்டத்தையும் மலகூடக் குழி இருக்கும் தூரத்தையும் பார்க்க வேண்டியதுதான்.