அழைப்பு இணைந்தால் வேலை முடிந்ததா?

“வெளியிலிருந்து பேசுபவர்களுக்கு எங்களைத் தெரிகிறது, கேட்கிறது. எங்களுக்குத்தான் அவர்கள் தெரியவே இல்லை.” வீடியோ கான்ஃபரன்ஸ் கேட்வே பொருத்தும் தொழிலில் இந்தப் புகாரைக் கேட்காதவர் இருக்க மாட்டார். நான் முதன்முதலில் கேட்டபோது, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பெட்டியை ரேக்கில் ஏற்றி, ஐபி முகவரி கொடுத்து, பக்கத்து அறைக் கருவியிலிருந்து ஓர் அழைப்பு போட்டுப் பார்த்திருந்தேன். படம் வந்தது, குரல் வந்தது, கிளம்பிவிட்டேன். அந்தச் சோதனை எதையுமே சோதிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கேட்வே என்பது ஒரு துபாஷி. கூட்ட அறைகளில் இருக்கும் பழைய கருவிகள் பல, 1996இல் ஐடியு என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு வெளியிட்ட ஹெச்.323 என்ற அழைப்பு மொழியைப் பேசும். புதியவை பெரும்பாலும் சிப் (SIP) என்ற மொழியைப் பேசும். இன்று புழங்கும் சிப்புக்கு அடிப்படை 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற இணைய விதி ஆவணம். இந்த இரண்டையும், இணையவழிக் கூட்டச் சேவைகளையும், சில இடங்களில் இன்னும் உயிரோடிருக்கும் ஐஎஸ்டிஎன் என்ற பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பையும் ஒன்றோடொன்று பேச வைப்பது அதன் வேலை. ஆனால் என் அனுபவத்தில், மொழிபெயர்ப்பில் வரும் கோளாறைவிட, அது நிற்கும் இடத்தால் வரும் கோளாறுதான் அதிகம். அதற்கு ஒரு கால் உள்வலையில், மறு கால் வெளியுலகில்.

அழைப்பு இணைவதும் படம் வருவதும் ஒன்றல்ல. ‘நான் இன்னார், பேசலாமா?’ என்று கேட்பது சிக்னலிங். ஹெச்.323இல் அது டிசிபி 1720 என்ற போர்ட்டில் (கருவியின் எண்ணிட்ட வாசலில்) தொடங்கும். சிப்பில் 5060, குறியாக்கம் செய்தால் 5061. குரலும் படமும் அந்த வழியே போவதில்லை. வேறு யுடிபி போர்ட்களில் தனியே போகின்றன. எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்கு அனுப்புவது என்பது சிக்னலிங் செய்திக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வம்பு தொடங்குவது இங்கேதான். கேட்வே நேட்டுக்கு, அதாவது உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் ஏற்பாட்டுக்கு, பின்னால் இருந்தால், தனக்குத் தெரிந்த 192.168 என்று தொடங்கும் உள்முகவரியை எழுதிக் கொடுத்துவிடுகிறது. எதிர்முனை அந்த முகவரிக்குப் படத்தை அனுப்புகிறது. அது எங்கும் போய்ச் சேர்வதில்லை. நம் படம் மட்டும் அவர்களுக்குப் போய்விடுகிறது. மூன்றாம் நாள் வந்த புகாரின் முழுக் கதையும் இவ்வளவுதான்.

பெரும்பாலான கேட்வேக்களில் ‘வெளி முகவரி இது’ என்று சொல்ல ஓர் இடம் இருக்கும். அதை நிரப்பினால் போதும். ஆனால் வலைக்குக் காவல் நிற்கும் பல ஃபயர்வால்களில் சிப் ஏஎல்ஜி என்ற வசதியும் இருக்கும். செய்திக்குள் எழுதிய முகவரியைத் தானே திருத்தி உதவுவதாக நினைத்துக்கொண்டு, கேட்வே சரியாக எழுதியதையும் கெடுத்துவைக்கும். யாராவது ஒருவர் திருத்தினால் போதும். நான் எங்கே போனாலும் முதலில் ஏஎல்ஜியை அணைக்கச் சொல்வேன். ஃபயர்வால் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அவர்களிடம் பேசும்போது எத்தனை போர்ட் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொண்டு போவது நல்லது. குரல், படம், பகிரும் திரை என்று மூன்று ஓட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓட்டத்தைச் சுமக்கும் ஆர்டிபி ஒன்று, அதைக் கண்காணிக்கும் ஆர்டிசிபி ஒன்று. ஆக ஒரு பக்கத்துக்கு ஆறு. கேட்வே இரண்டு பக்கமும் பேசுவதால் ஓர் அழைப்புக்குப் பன்னிரண்டு. ஒரே நேரத்தில் 20 அழைப்புகள் என்றால் 240. ஓர் இடத்தில் ‘தாராளமாக இருக்கட்டும்’ என்று ஐம்பது போர்ட் ஒதுக்கியிருந்தார்கள். நான்கு அழைப்புகள் வரை பிரமாதம். ஐந்தாவது அழைப்பு உருப்படியாக வராது. மென்பொருள் கோளாறு என்று சொல்லியே பல நாள் ஓடியிருக்கிறது. கேட்வேயில் போர்ட் எல்லையை நாமே நிர்ணயித்து, அதே எல்லையை ஃபயர்வாலிலும் எழுத வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண்கள்தானா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொரு அரை நாளை நான் தொலைத்தது ரூட்டிங்கில். கேட்வேக்கு இரண்டு வலை அட்டைகள்: ஒன்று டிஎம்இசட் என்ற, வெளியுலகை ஒட்டிய வலையின் பக்கம், மற்றது உள்ளே. டீஃபால்ட் ரூட், அதாவது தனியாக வழி சொல்லாத முகவரிகளுக்கெல்லாம் போகும் வழி, பொதுவாக ஒன்றுதான் இருக்கும். அது வெளிப்பக்கம் போகும். உள்ளே இருக்கும் மற்ற வலைகளுக்கு ஒவ்வொன்றாக ரூட் எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும்? கேட்வே இருக்கும் அதே வலைப்பிரிவில் உள்ளவர்கள் சுகமாகப் பேசுவார்கள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து அழைத்தால், அழைப்பு உள்ளே வரும். பதில் இணையத்தைத் தேடிப் போய்விடும். நான் கேபிளை மாற்றினேன், சுவிட்ச் போர்ட்டை மாற்றினேன், கடைசியாக வலையில் ஓடும் தரவுப் பொட்டலங்களை (பாக்கெட்) பிடித்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. முதலிலேயே பிடித்துப் பார்த்திருக்கலாம்.

கடிகாரத்தை மறந்துவிடாதீர்கள். வலைவழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி இல்லாமல் நேரம் பின்தங்கினால், குறியாக்க இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழைக் கேட்வே ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று தள்ளிவிடும். திரையிலோ ‘இணைக்க முடியவில்லை’ என்று மட்டும்தான் வரும்.

அழைப்பு பாதியில் அறுந்தால் எல்லோரும் இணைய நிறுவனத்தைத் திட்டுவார்கள். எத்தனையாவது நிமிடத்தில் அறுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நிமிடம் என்றால் லைனைச் சந்தேகிப்பதற்கு முன் ஏதாவது ஒரு டைமரைத் தேடுங்கள். சிப்பில் இரண்டு முனைகளும் ‘இன்னும் இருக்கிறாயா?’ என்று இடையிடையே விசாரித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. பலரும் வைத்திருக்கும் அளவு 1800 விநாடி. பாதியில், அதாவது பதினைந்தாவது நிமிடத்தில், புதுப்பிக்கும் செய்தி போகும். அந்தச் செய்தியை ஃபயர்வால் விழுங்கிவிட்டால் அழைப்பு முடிந்தது. வெகுநேரம் சும்மா இருக்கும் டிசிபி இணைப்பை ஃபயர்வாலே துண்டிப்பதும் உண்டு. இரண்டு நிமிடம் பேசிப் பார்க்கும் சோதனையில் இவை எதுவும் தெரியாது.

தரம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எதற்கு முன்னுரிமை என்று காட்ட, குரலுக்கு டிஎஸ்சிபி 46, படத்துக்கு 34 என்று முத்திரை குத்துவது வழக்கம். நம் சுவிட்சுகள் அதை மதித்தால்தான் பயன். இணையத்தில் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். படம் கட்டம் கட்டமாக உடைந்தால், இணைப்பின் வேகத்தைக் கூட்டச் சொல்வதற்கு முன் கருவியும் சுவிட்சும் டூப்ளெக்ஸில் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்புவதா, மாறி மாறியா என்பதில்) ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் கையால் வைத்த ஃபுல் என்றால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது பாதுகாப்பு. பொது முகவரியில் 5060ஐயும் 1720ஐயும் திறந்துவைத்தால், தானியங்கி ஸ்கேனர்கள் வந்து தட்டாமல் இருக்காது. ஓர் இடத்தில் நள்ளிரவில் கூட்ட அறையின் திரை தானாக விழித்துக்கொள்கிறது என்று காவலாளி சொன்னார். பேய் இல்லை. வெளியிலிருந்து வந்த அநாமதேய அழைப்பைக் கேட்வே உள்ளே அனுப்ப, அறைக் கருவியில் ஆட்டோ ஆன்சர் இயங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அங்கே கூட்டம் நடந்திருந்தால்? 2012இல் ராப்பிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஹெச்.டி. மூர் இணையத்தின் ஒரு சிறு பகுதியை ஸ்கேன் செய்தே, இப்படித் தானாக எடுக்கும் கான்ஃபரன்ஸ் கருவிகள் ஆயிரக்கணக்கில் திறந்து கிடப்பதைக் காட்டினார். கேமராவைத் திருப்பி அறையைச் சுற்றிப் பார்க்க முடிந்தவையும் அவற்றில் இருந்தன.

கேட்வேயோடு தொலைபேசி லைன் இணைந்திருந்தால் பணமும் போகும். வெளியிலிருந்து வரும் அழைப்பு, கேட்வே வழியாக வெளிநாட்டு எண்ணுக்குத் திரும்பிப் போய்விடும். பில் வரும்போதுதான் தெரியும். அடையாளம் நிரூபிக்காத எந்த அழைப்பும் தொலைபேசிப் பக்கம் போகக்கூடாது என்ற விதியை, எந்த எண் எங்கே போகும் என்று சொல்லும் டயல் பிளானில் முதல் வரியாக எழுதுகிறேன். மேலாண்மைப் பக்கம் உள்வலையில் மட்டும் திறக்க வேண்டும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்ற வேண்டும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்ட பாஸ்வேர்டுகளை ஐந்து வருடம் கழித்தும் அப்படியே பார்த்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் கையெழுத்துக்கு முன் நான் பக்கத்து அறைக்குப் போவதில்லை. வாசலுக்கு வந்து, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உள்ளே அழைக்கிறேன். கூட்ட எண்ணைத் தட்டுகிறேன். அந்த எண் ஒலி மறுபக்கம் போய்ச் சேராமல் மாட்டிக்கொள்வது சகஜம். திரையைப் பகிர்கிறேன், எதிர்முனையையும் பகிரச் சொல்கிறேன். திரைப் பகிர்வுக்கு ஹெச்.323 பக்கம் ஹெச்.239, சிப் பக்கம் பிஎஃப்சிபி என்று வழிகள் வேறு என்பதால், ஒரு திசையில் மட்டும் வேலை செய்வது உண்டு. ஒரு மணி நேரம் அழைப்பை விட்டுவைக்கிறேன். கான்ஃபிக்கின் நகலை எடுத்து அவர்களிடம் ஒன்று கொடுக்கிறேன். பெட்டியை ஓர் இரவு ஓடவிட்டு, மறுநாள் காலை லாகை (பதிவேட்டை) திறந்து, யார் யார் தட்டிப் பார்த்தார்கள், யாராவது உள்ளே வந்தார்களா என்று படித்துவிட்டுத்தான் படிவத்தை நீட்டுகிறேன்.