"கர்த்தர் தூரமாகிட்டார்" என்று வருகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிற கிறிஸ்தவர்கள் பலர் "மனசு சரியில்லை" என்று தொடங்குவதில்லை. "முன்ன மாதிரி ஜெபிக்க முடியல", "பூசைக்குப் போனாலும் வெறுமையாத்தான் இருக்கு", "கர்த்தர் என்னவிட்டுத் தூரமாகிட்டார்" என்றுதான் பேச்சை எடுப்பார்கள். கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று சபைகள் வேறுபட்டாலும் இந்த ஏக்கம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றி. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், நடுவில் விழிப்பு வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, மாதவிடாய் அதிகமாகப் போகிறதா? சிலருக்கு இது பிடிப்பதில்லை. "நான் ஆண்டவரப் பத்திப் பேச வந்தா நீங்க சோத்தப் பத்திக் கேட்குறீங்களே மிஸ்" என்பார்கள்.

அவர்களிடம் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத்தான் காட்டுவேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, கண்டிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அப்புறம் 40 நாள் நடை, ஓரேப் மலை. ஆண்டவருடைய மெல்லிய சத்தம் அங்கேதான் கேட்கிறது. சாப்பாடும் தூக்கமும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் நாளை யோசித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, ஓட வேண்டும். பிறகு மலையேறிக் கொழுந்தெடுத்து, நிறுத்து, வீடு திரும்பி மறுபடியும் அடுப்பு. எல்லாம் முடிந்து முழங்காலில் நிற்கும்போது இரவு பத்து மணி. பாதி ஜெபத்தில் கண் சொருகுகிறது. காலையில் குற்றவுணர்வு. இதற்குப் பரிகாரமாக வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உடலில் இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பும் மூச்சிரைப்பும் வரும், எதிலும் மனம் நிற்காது. தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். "ஜெபத்துல மனசு நிக்கல" என்று சொல்பவர் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துபார்ப்பதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. சீனி இறங்கி மலைச்சரிவில் தலைசுற்றி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஜெபத்தில் வரட்சி மட்டும் இருக்கிறது என்றால்? அது பழைய அனுபவம். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவையின் புனித யோவான் இதை ஆன்மாவின் இருண்ட இரவு என்றே எழுதி வைத்தார். அன்னை தெரேசா 1997-இல் இறந்தார். பத்து வருடம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளியானபோதுதான், பல பத்தாண்டுகள் அவருக்குள்ளே இருட்டாக இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அவ்வளவு காலமும் அவர் காலையில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். உணர்ச்சி பொங்கினால் ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார், பொங்காவிட்டால் போய்விட்டார் என்று அளப்பதை எழுப்புதல் கூட்டங்கள் நமக்குப் பழக்கிவிட்டன என்று நினைக்கிறேன். "ஏன் என்னை மறந்தீர்" என்று தேவனிடமே கேட்டுப் பாடிய 42-ஆம் சங்கீதக்காரன் அப்படி அளந்திருந்தால் அந்தப் பாட்டே வந்திருக்காது.

வரட்சியில் இருப்பவருக்கு ஏக்கம் இருக்கும். பிள்ளையின் சிரிப்பு பிடிக்கும், தேத்தண்ணி ருசிக்கும், ஜெபம் மட்டும் காய்ந்திருக்கும். மனச்சோர்வு நோயில் பெரும்பாலும் எல்லாமே சேர்ந்து ருசியற்றுப் போகும். இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், எதிலும் விருப்பமின்மை, தூக்கக் குழப்பம், பசியின்மை, தான் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற நினைப்பு இருந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு நோயே பக்தியின் உடுப்பில் வரும். "மன்னிக்க முடியாத பாவம் செஞ்சிட்டேன்" என்று ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவார்கள். ஜெபிக்கும்போது ஆண்டவரைத் தூஷிக்கும் எண்ணம் தானாக வந்து விழும், அதற்காக நடுங்குவார்கள். இது, வேண்டாத எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வருகிற எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. பிசாசு என்று சொல்லி இரவிரவாக ஜெபித்தால் பயம்தான் கூடும்.

இன்னொரு குற்றவுணர்வு இடத்தைப் பற்றியது. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்கிறது மத்தேயு 6. லயத்தில் ஒரே காம்பராவில், அதாவது ஒற்றை அறை வீட்டில், மாமியார், மூன்று பிள்ளைகள், ஓடும் டிவி. எந்த அறை, எந்தக் கதவு? மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தாய், பிள்ளைகள் நிறைந்த வீட்டில், சமையல் மேலாடையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். என்னிடம் வந்த ஓர் அக்கா, மழைநாளில் கொழுந்தெடுக்கும்போது போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டதும் தனக்கு வீடு கிடைத்த மாதிரி என்றார். நிரையின் முனைவரைக்கும் பேசிக்கொண்டே கொழுந்தெடுப்பாராம். அதையெல்லாம் அவர் ஜெபக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் நெறைய ஜெபிச்சிருக்கேனே மிஸ்" என்று சிரித்தார்.

பாஸ்டர்மார், பாதர்மாரிடம் ஒரு வேண்டுகோள். ஆறுதல் தேடி வருகிறவரிடம் சாகும் நினைப்பு இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால் தனியே விடாமல், ஜெபித்துவிட்டுக் கூடவே வைத்தியசாலைக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். மனநல மாத்திரை எடுப்பவரிடம் "இனி விசுவாசத்தால நில்லுங்க" என்று மேடையிலிருந்து சொல்லாதீர்கள். திடீரென்று நிறுத்தியதால் நிலைமை மோசமாகி வருகிறவர்களை கிளினிக்கில் பார்க்கிறோம். மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை எழுதிக்கொடுத்த வைத்தியரே தீர்மானிக்கட்டும். அந்த கிளினிக் நாளில் அவரோடு பஸ்ஸில் வருவதற்குச் சபையில் யாராவது ஒருவரை ஏற்பாடு செய்தாலே பெரிய உதவி.