நைல் ஏறாத ஆண்டில் வரித் தள்ளுபடி: பழைய எகிப்தில் யாருக்கு, எப்படிக் கிடைத்தது?

எகிப்தில் மழை ஏறக்குறைய கிடையாது. அந்தக் காலத்தில் எத்தியோப்பிய மலைகளில் கோடையில் கொட்டும் மழை நைல் வழியாக இறங்கி வந்து, வயலில் நின்று, வண்டலை விட்டுவிட்டு வடிய வேண்டியிருந்தது. அப்புறம்தான் விதைப்பு. எனவே நிலவரிக்கு அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆண்டு ஆறு எத்தனை முழம் ஏறியது?

அஸ்வானுக்கு எதிரே உள்ள எலிஃபண்டைன் தீவில், ஆற்றோடு இணைந்த கல் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. ஆறு ஏறினால் அதிலும் தண்ணீர் ஏறும். எவ்வளவு என்று சுவரில் உள்ள முழக் கோடுகள் காட்டும். நைல்மானி என்பது இதுதான். பூக்காரம்மா அளக்கும் முழத்தை இங்கே நினைக்க வேண்டாம். எகிப்திய அரச முழம் சுமார் 52 சென்டிமீட்டர், 28 விரற்கடை. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இதன் பயனை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: உழவருக்குத் தண்ணீர்க் கணக்கு, அதிகாரிகளுக்கு வருவாய்க் கணக்கு. வெள்ளம் கூடினால் வரியும் கூடும்.

ரோமானிய அறிஞர் பிளினி தரும் கணக்கு: 12 முழம் என்றால் பஞ்சம், 13 என்றாலும் பசிதான், 14 மகிழ்ச்சி, 15 நிம்மதி, 16 ஆனந்தம். பஞ்சத்துக்கும் ஆனந்தத்துக்கும் நடுவே இரண்டே மீட்டர்!

சரி, தண்ணீர் வராதவர் என்ன செய்தார்? ரோமானியர் ஆட்சிக் காலத்து நடைமுறை பாப்பிரஸ் தாள்களில் தெளிவாகக் கிடைக்கிறது. வெள்ளம் பொய்த்த ஆண்டில் மாகாண ஆளுநர் ஆணை வெளியிடுவார். அதன்படி நிலக்காரர் வரித் தள்ளுபடி கேட்டு ஒரு மனு எழுத வேண்டும்: பெயர், ஊர், எத்தனை அரூரா நிலம் (ஓர் அரூரா ஏறத்தாழ முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு), அது இந்த ஆண்டு நனையவில்லை என்ற வாக்குமூலம். மாவட்ட அதிகாரி, அரச எழுத்தர், ஊர் எழுத்தர் (நம் பழைய கணக்குப்பிள்ளை மாதிரி) ஆகியோரிடம் அது போகும். மனுவை மட்டும் நம்பிவிட மாட்டார்கள். நேரில் பார்த்துச் சரிபார்ப்பதும் உண்டு.

விதி இருந்தும் ஏமாற்று நடந்தது. உண்மையில் நனைந்த நிலத்தைப் பார்க்காமல், பழைய ஆண்டுகளின் வெள்ளத்தோடு ஒப்பிட்டு வரி போடுகிறார்கள் என்று உழவர்கள் முறையிட்டார்கள். கி.பி. 68இல் ஆளுநர் டைபீரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர், அந்தந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவோ அதற்கேற்பவே வரி என்று ஆணையிட்டார். அந்த ஆணை கார்கா பாலைவனச் சோலையில் ஒரு கோயில் வாசலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதிகாரிகள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

ஆள்பவரை எடைபோட்டதும் இதே அளவால்தான். பலெர்மோ கல் எனப்படும், எகிப்திய அரசர்களின் மிகப் பழைய ஆண்டுக் குறிப்பில், ஒவ்வொரு கட்டத்திலும் அரசர் அந்த ஆண்டு செய்தவை மேலே, நைலின் உயரம் கீழே. கி.மு. 238இல் கனோபஸ் நகரில் கூடிய பூசாரிகள் எகிப்தை ஆண்ட மன்னர் மூன்றாம் தாலமியை எதற்காகப் புகழ்ந்தார்கள் தெரியுமா? போரில் வென்றது மட்டுமல்ல. ஆறு போதுமான அளவு ஏறாத ஆண்டில் வரி வருவாயில் கணிசமான பகுதியை விட்டுக்கொடுத்து, சிரியா, ஃபினீசியா, சைப்ரஸிலிருந்து அதிக விலைக்குத் தானியம் வாங்கியதும்தான்.

இஸ்லாமியர் ஆட்சியிலும் 16 முழக் கணக்கு தொடர்ந்தது. கெய்ரோவின் ரோடா தீவில் கி.பி. 861இல் கட்டிய நைல்மானித் தூண் இன்றும் நிற்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: ஏற்றம் மந்தமாக இருக்கிறது என்று தெரிந்தாலே தானியத்தைப் பதுக்கினார்கள், விலை எகிறியது. அதனால் எகிப்தை ஆண்ட பாத்திம வம்சத்துக் கலீபா அல்முயிஸ், ஆறு 16 முழத்தைத் தொடும்வரை அளவை வெளியே சொல்லக் கூடாது என்று தடை போட்டார்.