ரேட்டுக்கு முன்னால் தாளையும் ஃபார்மாவையும் பைண்டிங்கையும் கேளுங்கள்

"அண்ணே, 500 புக்கு, 130 பக்கம், என்ன ரேட்டு?" கீழக்கரையிலிருந்து மதரசா மலருக்காக வருபவரும், தொண்டியிலிருந்து பள்ளி ஆண்டு மலருக்காக வருபவரும், தேவிபட்டினம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கும்பாபிஷேக மலருக்காக வருபவரும் இப்படித்தான் கேட்கிறார்கள். இவ்வளவு விவரத்தை வைத்து எந்த அச்சகத்தாலும் சரியான விலை சொல்ல முடியாது. இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கி, குறைவாகச் சொன்ன இடத்தில் கொடுத்துவிட்டு, கைக்கு வந்த புத்தகத்தைப் பார்த்து நொந்துபோகிறவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ஊரில் வீடு வீடாக வசூலித்த பணம் அது. அச்சுத் தொழிலில் புழங்கும் சில சொற்கள் தெரிந்திருந்தாலே இதில் பாதி ஏமாற்றம் இல்லாமல் போகும்.

முதலில் தாள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். உள்பக்கத்துக்குப் பொதுவாக மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள்; 60, 70, 80 ஜிஎஸ்எம் என்று கிடைக்கும். 60-இல் அடித்தால் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் நிழலாடும். 70-க்குக் குறையாமல் கேளுங்கள். போட்டோப் பக்கத்துக்கு வழவழப்பான 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், மேலட்டைக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. கொட்டேஷனில் "நல்ல பேப்பர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஏற்காதீர்கள். புத்தகத்தின் அளவையும் எழுத்தில் வாங்குங்கள்: கிரௌன் 1/8 என்றால் சுமார் 12 × 18 சென்டிமீட்டர், டெம்மி 1/8 என்றால் சுமார் 14 × 21.5.

அடுத்தது ஃபார்மா. வாடிக்கையாளர்களுக்குச் சுத்தமாகத் தெரியாதது இதுதான், பணம் அதிகம் போவதும் இதில்தான். ஒரு ஏ4 தாளை எடுத்து மூன்று தடவை பாதி பாதியாக மடியுங்கள். ஓரங்களைப் பிரிக்காமலே ஒவ்வொரு பக்கத்திலும் 1 முதல் 16 வரை பென்சிலால் எண் போடுங்கள். இப்போது விரித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16. மறுபக்கத்தில் மற்ற எட்டு. சில எண்கள் தலைகீழாகவும் இருக்கும். இந்த 16 பக்கம்தான் ஒரு ஃபார்மா. எண் போட்டு மடித்த இந்த மாதிரித் தாளை அச்சகத்தில் நாங்கள் டம்மி என்போம். மெஷினில் ஓடுவதும் இப்படி எட்டெட்டுப் பக்கமாகத்தான்.

இது தெரிந்தால் இரண்டு லாபம். 128 பக்கம் என்றால் சரியாக எட்டு ஃபார்மா. 130 பக்கம் கேட்டால், அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனியாகப் பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டும், தனியாக மெஷின் ஓட்ட வேண்டும். ஒரு வாழ்த்துரையைச் சுருக்கினால் அந்தச் செலவு மிச்சம். இன்னொன்று கலர். மல்டிகலருக்குத் தாளின் ஒரு பக்கத்துக்கு நான்கு பிளேட். கலர் படங்களை 4, 5, 8, 9 என்று தாளின் ஒரே பக்கத்தில் விழும்படி வைத்தால் நான்கு பிளேட்டோடு முடியும். 4, 6, 9, 11 என்று சிதறினால் தாளின் இரண்டு பக்கமும் மல்டிகலர் ஓட்ட வேண்டும். மேட்டர் கொடுக்கும் முன்பே, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி செய்பவரோடு உட்கார்ந்து இதை முடிவு செய்யுங்கள்.

பைண்டிங்கில் நம் கடற்கரைக்கென்று தனிக் கவலை இருக்கிறது. ஓரத்தில் கம்பி அடிக்கும் சைடு பின், நடு மடிப்பில் கம்பி அடிக்கும் சென்டர் பின் போட்ட புத்தகங்களை பாம்பன், மண்டபம் பக்கத்து வீடுகளில் புரட்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் பின் துருவேறி, சுற்றிலும் செம்பழுப்புக் கறை படர்ந்து, கடைசியில் தாளே அந்த இடத்தில் கிழிந்துவிடும். துருப்பிடிக்காத கம்பி போடச் சொல்லுங்கள்.

பெர்ஃபெக்ட் பைண்டிங் என்பது முதுகைச் சீவிவிட்டுச் சூடான பசை தடவி அட்டையை ஒட்டுவது. வேகமாக முடியும், விலையும் குறைவு. ஒரு தடவை படித்துவிட்டு அலமாரியில் வைக்கும் நூலுக்கு இது போதும். ஆனால் ஆர்ட் பேப்பரின் வழவழப்புப் பூச்சில் பசை சரியாக இறங்காது. பக்கம் பக்கமாக உதிரும். தினமும் பிள்ளைகள் விரித்து ஓதும் நூலுக்கும், படம் நிறைந்த மலருக்கும் ஒவ்வொரு ஃபார்மாவையும் நடு மடிப்பில் நூலால் தைக்கும் செக்‌ஷன் தையல்தான் என்பது என் உறுதியான கருத்து. தைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது சுலபம்: 8-க்கும் 9-க்கும் நடுவே, பிறகு 24-க்கும் 25-க்கும் நடுவே விரித்தால் நூல் தெரிய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லாமினேஷன் போட்ட அட்டைகள் சுருண்டு நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். பிலிம் ஒட்டிய பக்கம் ஈரம் ஏறாது, உள்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும். அதனால்தான் அட்டை வளைகிறது. மெல்லிய அட்டையில் இது மோசமாக இருக்கும். விழா வரைக்கும் கட்டைப் பிரிக்காமல், மேலே பாரம் வைத்து வையுங்கள்.

அரபு நூல்கள், அரபுத்தமிழ் நூல்கள் அச்சிடுபவர்கள் "வலப்பக்க பைண்டிங்" என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். முதுகு வலப்புறம் வரும், பக்கங்களை அடுக்கும் முறையே மாறும். பிளேட் போட்ட பிறகு சொன்னால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அரபும் தமிழும் கலந்த நூல் என்றால் எந்தப் பக்கமிருந்து திறக்க வேண்டும் என்பதை டம்மி மடித்துக் காட்டிவிடுவது உத்தமம்.

வியாபாரிகள் பில் புக் அடிக்கும்போது டூப்ளிகேட்டா, ட்ரிப்ளிகேட்டா, ஒரு புக்கில் எத்தனை செட், நம்பரிங் எந்த எண்ணிலிருந்து, கிழிப்பதற்கான பெர்ஃபரேஷன் துளை எந்தத் தாளில் என்று நான்கையும் சொல்லுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி வரி உள்ள சரக்குக்கான பில்லில் வாங்குபவர், வண்டிக்காரர், விற்பவர் என மூன்று பிரதி வேண்டும். எண் 16 எழுத்துக்குள், தொடர்ச்சியாக வர வேண்டும். கார்பன் வைக்காமலே பதியும் தாள் கேட்டால், செட்டுக்கு அடியில் வைக்க அட்டை மடிப்பும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் எழுதினால் அடுத்த பில்லிலும் பதிந்துவிடும்.

ஃபைல் அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கிவிடும். அச்சுக்கு, வரப்போகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். ஓரம் வரை நிறம் வரும் டிசைனுக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நிறம், விடுங்கள், கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியாது. சின்ன எழுத்துகள் ஒற்றைக் கறுப்பில் மட்டும் இருக்கட்டும். நான்கு நிறம் கலந்த கறுப்பில், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் இம்மி விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டாகத் தெரியும். கருநீலத்தில் வெள்ளை எழுத்து விட்டால் அதே புள்ளி மை நிரம்பிக் காணாமல் போகும்.

கடைசியாக ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் பிரதி. நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு வரும் பிழைக்கு அச்சகம் பொறுப்பேற்காது. செல்போன் திரையில் பார்த்து "ஓகே" போடாதீர்கள். தாளில் எடுத்து, மேட்டரை எழுதாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பெயர், இனிஷியல், தேதி, கிழமை நான்கையும் காலண்டரோடும் அசல் பட்டியலோடும் ஒப்பிடுங்கள். அச்சில் வரும் ஒவ்வொரு போன் நம்பரையும் ப்ரூஃபைப் பார்த்தே டயல் செய்து, சரியான ஆள் எடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.